காத்திருத்தலின் கணக்கு: பைப்லைன் பற்றிய ஒரு பாடநூல் விளக்கம் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

கணினிக் கட்டமைப்பினைப் பல்கலைக்கழக மட்டத்தில் பயில்வோருக்கு டேவிட் பற்றர்சனும் ஜோன் ஹெனசியும் இணைந்து எழுதிய 'கொம்பியூட்டர் ஓர்கனைசேஷன் அன்ட் டிசைன்' என்னும் நூல் நன்கு பரிச்சயமானது. 1994 ஆம் ஆண்டு முதற்பதிப்பாக வெளிவந்த இந்நூல், விளம்பரங்களில் கூறப்பட்ட கடிகார வேகத்தையே ஆற்றலின் அளவுகோலாகக் கொண்ட போக்குக்கு எதிராக, எண்ணிக் கணிக்கத்தக்க ஒரு முறையியலை மாணவர் கையில் அளித்தது. ஆசிரியர் இருவரும் 2017 ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருதினைப் பெற்றமை அப்பணிக்குக் கிடைத்த தகுந்த அங்கீகாரமாகும். எனினும், ஒரு முறையியலின் சிறப்பினை ஏற்றுக்கொள்ளும் அதேவேளை, அது எதனை அளக்கின்றது, எதனை அளவாமல் விடுகின்றது என வினவுதல் விமர்சகரின் கடமையாகும். அந்நூலின் பைப்லைன் விளக்கத்தையும் அதனையொட்டி வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்ட கணிப்பு முறையையும் இந்நோக்கில் ஆராய்வோம்.

நூலாசிரியர்கள் சலவை உவமையுடன் தொடங்குகின்றனர். துவைத்தல், உலர்த்தல், மடித்தல், எடுத்துவைத்தல் என்னும் நான்கு படிகளுக்கும் தலா அரைமணி நேரம் செல்லுமாயின், நான்கு சுமைத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க எட்டு மணிநேரம் தேவை. ஒரு சுமை உலரும்போதே அடுத்ததைத் துவைக்கத் தொடங்கினால் மூன்றரை மணிநேரம் போதும். எளிமையான உவமைதான். ஆனால் ஒரு சுமைத் துணி இன்னொரு சுமையின் விளைவை எதிர்பார்த்து நிற்பதில்லை. கணினி அறிவுறுத்தல்களோ ஒன்றின் பெறுபேற்றை மற்றொன்று உள்வாங்கியே இயங்குகின்றன. ஆசிரியர்கள் இக்குறையை உணராதவரல்லர். கிளைத்தலால் எழும் இடரை விளக்க அவர்கள் கையாளும் அழுக்கேறிய விளையாட்டுச் சீருடை உதாரணம், முதற்சுமையின் விளைவைக் கண்ட பின்னரே அடுத்ததற்குரிய சவர்க்காரத்தைத் தீர்மானிக்க முடியும் என்பதால், பொருத்தமானதே. ஆயின், தரவுச் சார்பினை விளக்க வரும் சோடியிழந்த காலுறை உதாரணம் அத்தகையதன்று. அக்காலுறை தேடப்படுவது அறையிலுள்ள அலுமாரியில். அது முந்திய சுமையின் விளைபொருள் அன்று. ஆகவே உவமை தளர்வது, பொருள் உண்மையில் தொடங்கும் இடத்திலேயாகும்.

இதனைத் தெளிவுபடுத்த ஒரு சிறு உதாரணத்தை நாமே அமைத்துக்கொள்வோம். கொணர்தல், இனங்காணல், செயற்படுத்தல், நினைவகத்தை அணுகல், பதிவகத்தில் எழுதல் என ஐந்து கட்டங்கள் கொண்ட முறைவழியாக்கி ஒன்றில் நான்கு அறிவுறுத்தல்கள் செல்கின்றன. முதலாவது நினைவகத்திலிருந்து ஒரு பெறுமானத்தை ஏற்றுகின்றது. இரண்டாவது அதனுடன் வேறொன்றைக் கூட்டுகின்றது. மூன்றாவது அக்கூட்டுத்தொகையை நினைவகத்தில் இடுகின்றது. நான்காவது, இம்மூன்றுடனும் தொடர்பற்ற ஓர் எண்ணியிலிருந்து ஒன்றைக் கழிக்கின்றது. முதல் அறிவுறுத்தல் முடிய ஐந்து கடிகாரச் சுற்றுகளும், பின்வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றும் எனத் தடையற்ற நிலையில் எட்டுச் சுற்றுகள் ஆகும். பெறுபேறு பதிவகத்தில் எழுதப்படும் வரை காத்திருக்க வேண்டுமாயின், ஒரே சுற்றின் முற்பாதியில் எழுதிப் பிற்பாதியில் வாசிக்க முடியும் எனக் கொண்டாலும், இரண்டாம் அறிவுறுத்தலுக்கு இரண்டு தரிப்புகளும் மூன்றாவதற்கு இரண்டு தரிப்புகளும் நேர்ந்து மொத்தம் 12 சுற்றுகளாகின்றன. பெறுபேற்றை உரிய கட்டத்துக்கு நேரே முன்னனுப்பும் வசதி இருப்பின், ஏற்றலுக்கும் கூட்டலுக்கும் இடையிலான ஒரேயொரு தரிப்பு மட்டும் எஞ்சி 9 சுற்றுகள் ஆகும். தொடர்பற்ற நான்காவது அறிவுறுத்தலை அந்த இடைவெளிக்கு நகர்த்தினால் 8 சுற்றுகள் போதும்.

தரிப்பே இல்லாத இந்த இறுதி நிலையிலும் அறிவுறுத்தல் ஒன்றுக்கு இரண்டு சுற்றுகள் வீதம் செல்வது நோக்கற்பாலது. பைப்லைனை நிரப்பச் செல்லும் நான்கு சுற்றுகள், குறுகிய நிரலில் பாதிச் செலவாகின்றன. பத்து இலட்சம் அறிவுறுத்தல்களில் அவை கணக்கில் கொள்ளத்தக்கன அல்ல. 'அறிவுறுத்தலுக்கு ஒரு சுற்று' என்பது நீண்ட ஓட்டத்தின் எல்லைப் பெறுமானமேயன்றி, ஒவ்வொரு நிரலுக்கும் அளிக்கப்பட்ட வாக்குறுதியன்று.

இனி, அளவுகோலைப் பற்றிய அடிப்படை வினாவுக்கு வருவோம். ஹெனசியின் தலைமையில் 1981 இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய மிப்ஸ் திட்டத்தின் பெயரே, தானாகத் தரித்து நிற்கும் பூட்டுகளற்ற பைப்லைன் என்னும் கருத்தைத் தாங்கியது. காத்திருக்கும் பொறுப்பு வன்பொருளிலிருந்து தொகுப்பானுக்கு மாற்றப்பட்டது. இடைவெளியை நிரப்பப் பயனுள்ள அறிவுறுத்தல் கிடைக்காதபோது தொகுப்பான் வெற்று அறிவுறுத்தல் ஒன்றைச் செருகும். நமது உதாரணத்தில் அவ்வாறு செய்தால் தரிப்பு பூச்சியமாகின்றது; அறிவுறுத்தல்கள் ஐந்தாகின்றன; சுற்றுகளோ அதே ஒன்பதுதான். அறிவுறுத்தலுக்கான சராசரி 2.25 இலிருந்து 1.8 ஆகக் குறைந்துவிட்டது; ஆனால் ஒரு கணமேனும் மிச்சமாகவில்லை. மொத்த நேரமே இறுதி அளவு என நூலாசிரியர்கள் தெளிவாக வற்புறுத்தியிருப்பினும், தரிப்புகளை மட்டும் எண்ணும் தேர்வு வினாக்கள் இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றன.

பைப்லைனின் மூலக்கருத்து தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. ஆதம் சிமித் 1776 இல் குண்டூசித் தொழிலைக் கொண்டு உழைப்புப் பிரிவினையை விளக்கினார். சாள்ஸ் பாபேஜ் 1832 இல் வெளியிட்ட இயந்திரப் பொருளாதாரம் பற்றிய நூலில் அதனை மூளை உழைப்புக்கும் விரித்தார். மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் பாபேஜை எடுத்தாண்டுள்ளார். வேலையை நுண்கூறுகளாக்கி எக்கூறும் ஓய்ந்திராது பார்த்துக்கொள்ளும் நோக்கு, ஓய்வு யாவும் வீண் என்னும் துணிபையும் உடன்கொண்டு வருகின்றது. இத்துணிபு சிலிக்கனிலும் தன் விலையை வாங்கியது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பென்டியம் 4 இருபது கட்டங்களையும், 2004 இல் வந்த அதன் பிரெஸ்கொட் வடிவம் முப்பத்தொரு கட்டங்களையும் கொண்டிருந்தன. கட்டங்கள் பெருகப் பெருக, கிளையைத் தவறாக ஊகித்தலின் தண்டமும் பெருகும். நூறு அறிவுறுத்தல்களில் இரண்டு தவறான ஊகங்கள் நிகழ்வதாகக் கொண்டால், தண்டம் ஒரு சுற்றாயின் சராசரி 1.02, இருபது சுற்றாயின் 1.4. இதனோடு வெப்பமும் மின்னுகர்வும் சேர்ந்து அப்பாதையை மூடின. 2006 இல் இன்டெல் பதினான்கு கட்டங்கள் கொண்ட கோர் வடிவமைப்புக்குத் திரும்பியது.

மிகப் பாரதூரமான விளைவு 2018 ஜனவரியில் பகிரங்கமாயிற்று. காத்திருப்பதைத் தவிர்க்கும் பொருட்டு ஊகத்தின்பேரில் முன்கூட்டியே செயற்படுத்தப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட அறிவுறுத்தல்கள், பதிவகங்களில் சுவடின்றி நீங்கினும் பதுக்கு நினைவகத்தில் தடயத்தை விட்டுச்செல்கின்றன என்பதையும், அத்தடயத்திலிருந்து இரகசியத் தரவுகளை ஊகித்தறியலாம் என்பதையும் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஆய்வுகள் நிறுவின. பரிகாரங்களுள் ஒன்று, நிரலின் குறித்த இடங்களில் முறைவழியாக்கியை வேண்டுமென்றே காத்திருக்கச் செய்யும் அறிவுறுத்தலைச் செருகுவதாகும். வீண் எனத் தள்ளப்பட்ட தரிப்பு, காவலாக மீண்டும் அழைக்கப்பட்டது.

சுற்றுகளை எண்ணக் கற்பித்தல் தவறு என்பது எமது வாதமன்று. எண்ணத் தெரியாதவர் விமர்சிக்கவும் இயலாது. தரிப்பு ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கும் மாணவர், அக்காத்திருப்பு உண்மையில் ஒழிந்ததா, அன்றி வேறெங்கோ மாற்றப்பட்டதா, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்று கேட்கவும் பயிற்றப்படல் வேண்டும். அவ்வினா இடம்பெறாத கணிப்பு, விடை சரியாயினும் முழுமையற்றதே என்பது எமது துணிபாகும்.