தோட்டத்தில் நாமே கல் பாவலாமா?

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி வரை 30 அடி. திண்டிவனம் பக்கத்துச் செம்மண். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்த 30 அடியும் சேறுதான். துணி துவைக்கப் போகும் அம்மா ஒரு கையில் வாளியும் மறு கையில் புடவைக் கொசுவமுமாகக் காலை ஊன்றி ஊன்றி நடப்பார். மூன்று வருடத்துக்கு முன் அந்த இடத்தில் நானும் என் மகனும் கொத்தனார் இல்லாமல் கடப்பாக்கல் பாவினோம். அதற்குப் பிறகு யார் வீட்டுத் தோட்டத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. தாங்களே கல் பாவியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சில பாதைகள் இரண்டு மழைக்காலத்தில் கலைந்துவிட்டன, சில அப்படியே நிற்கின்றன.

இந்த வேலைக்கு வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள்: காசு மிச்சம், அழகு, இயற்கை. மூன்றிலுமே எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் செய்யத் தக்க வேலை என்றுதான் சொல்வேன். என் காரணம் வேறு.

காசுக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2 அடிக்கு 2 அடி, ஒன்றரை அங்குலக் கனமுள்ள கடப்பாக்கல் ஒன்று ஏறக்குறைய 38 கிலோ. 30 அடி நீளம், 2 அடி அகலப் பாதைக்கு 15 கல், 570 கிலோ. அடியில் 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல் என்று வைத்தால் ஜல்லி 20 கன அடி, மணல் ஏழரை கன அடி. இத்தனைக்கும் இடம் கொடுக்க 7 அங்குலம் பள்ளம் வேண்டும். வெட்டி எடுக்கும் மண் மட்டும் 35 கன அடி, ஒரு கன மீட்டர். எல்லாவற்றையும் கூட்டினால் மூன்று டன்னுக்கு மேல் கையால் வெட்டி, அள்ளி, தூக்கி, கொட்டியாக வேண்டும். மிச்சமாவது கூலி மட்டும்தான். கொஞ்சமாக வாங்கும் ஜல்லிக்கு வண்டி வாடகை, இறக்கும்போது உடையும் கல், வேலை முடிந்த மறுவாரம் முதுகுக்குத் தைலம் என்று அதில் பாதி போய்விடும். சேமிப்புக்காக மட்டும் இறங்குகிறவர் கொத்தனாரையும் சித்தாளையும் கூப்பிட்டு இரண்டு நாளில் முடித்துக்கொள்வதே மேல்.

மேலே சொன்ன கணக்கில் இன்னொன்றும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் கல், மொத்தப் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதையின் ஆயுளைத் தீர்மானிப்பது மீதி நாலு பங்கு. யூடியூபில் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் அலைவார்கள், பள்ளத்தை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவார்கள். அந்தக் காணொளிகளில் பல குளிர்நாடுகளில் எடுத்தவை. அங்கே மண்ணுக்குள் நீர் உறைந்து கல்லைத் தூக்கிவிடும், அடித்தளத்தில் அவ்வளவு கவனம் வைப்பதில் அதுவும் ஒரு காரணம். நமக்கு உறைபனிக் கவலை இல்லை. நம் கவலை நீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. பள்ளத்தின் அடியிலேயே வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் போதும். வாட்டத்தை மேலே மட்டும் காட்டிவிட்டு அடியைத் தொட்டிபோல விட்டால், கல்லுக்குக் கீழே குளம் கட்டியதாகிவிடும்.

மண்ணும் எல்லா ஊரிலும் ஒன்றில்லை. செம்மண் நீரை விட்டுவிடும். திமிசுக்கட்டையால் நன்றாக இடித்தால் கெட்டிப்படும். கரிசல் வேறு. என் தங்கை வீடு கோவில்பட்டிக்கு அருகே. சித்திரையில் அவள் தோட்டத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடும், மழை பெய்தால் அதே மண் உப்பி மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பாதையைப் பார்த்துவிட்டு அவளும் மாப்பிள்ளையும் அதே 7 அங்குலக் கணக்கில் போட்டார்கள். முதல் கோடையிலேயே கற்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. அந்தக் கணக்கைக் கொடுத்தது நான், மண்ணைக் கேட்காமல் கொடுத்தேன். கரிசலில் தொடர்ச்சியாகக் கல் பாவ வேண்டுமானால் இன்னும் ஆழமாக வெட்டி, கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும். அது இரண்டு பேர் விடுமுறையில் செய்யும் வேலை இல்லை. அங்கே இடைவெளி விட்டுத் தனித்தனிக் கல்லாகப் போடுவதே சரி. ஒன்று சாய்ந்தாலும் பக்கத்துக் கல்லை இழுக்காது.

இனி என் காரணத்துக்கு வருகிறேன். மணல்மேல், கலவை இல்லாமல் பாவிய கல்லைத் திரும்ப எடுக்கலாம். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு இதைவிடப் பெரிய சலுகை ஒரு வேலையில் கிடைக்காது. சிமெண்ட் கலவை நமக்காகக் காத்திருக்காது. பிசைந்துவிட்டால் அது இறுகும் வேகத்துக்கு நம் கை ஓட வேண்டும். மட்டம் தப்பினால் கல்லை உடைத்துத்தான் எடுக்க முடியும். பழகாதவர்கள் இந்த அவசரத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்துக் கல்லை அமுக்கிவிடுகிறார்கள். சில கொத்தனார்களும் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மேலே பார்க்க மட்டமாக இருக்கும். சுத்தியால் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும். அந்தப் பொள்ளலில் நீர் தங்கும், ஒரு நாள் அதன்மேல் தண்ணீர்க் குடம் கொஞ்சம் வேகமாக இறங்கினால் கல் குறுக்கே விண்டுவிடும்.

மணல் படுக்கை அவசரப்படுத்தாது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, கல்லைக் கிளப்பி, ஒரு கை மணல் கூட்டி அல்லது வழித்து, மறுபடி இறக்கி, ரப்பர் சுத்தியால் தட்டிப் பார்க்கலாம். எங்கள் பாதையில் ஆறாவது கல்லை ஐந்து தடவை இறக்கினோம். பாறையிலிருந்து ஏடு ஏடாகப் பிரித்தெடுத்த கல் என்பதால் அடிப்பக்கம் ஒரே கனமாக இராது. ஒரு முனை ஒன்றேகால் அங்குலம், மறுமுனை ஒன்றே முக்கால். அந்த வித்தியாசத்தை மணலில் ஏற்றுக்கொள்ளக் கை பழகுவதற்குப் பத்துக் கல் ஆயிற்று. பிறகு முதல் நான்கு கல்லையும் எடுத்துத் திருத்தினோம். மழைநீரும் இடுக்கு வழியே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், கூரைநீரைக் குழாய் வைத்துத் தொட்டிக்கு அனுப்பிவிட்டுத் தோட்டம் முழுக்க சிமெண்ட் பூசும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

மணல் படுக்கைக்கும் குறை உண்டு, சின்னக் குறை இல்லை. எறும்பு மணலைத் துளித்துளியாக மேலே கொண்டுவந்து கொட்டும். ஆற்றுமணல் உருண்டை மணியாக இருப்பதால் சரியும். கிரஷர் துகள் கோணல்மாணலாக ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால் அதுவே மேல். இடுக்கில் கோரை வரும். அதன் கிழங்கைத் தோண்டி எடுக்காமல் மேலே போட்ட எந்தத் துணியும் அதை நிறுத்தியதாக நான் பார்க்கவில்லை. பெருச்சாளி வளை தோண்டினால் ஓரக்கல் தொங்கும். ஓரத்தில் செங்கல்லைக் குத்தாக நிறுத்திக் கட்டாவிட்டால் மணல் பக்கவாட்டில் ஒழுகும். இவற்றால் ஒரு கல் அரை அங்குலம் எழும்பினாலும் நமக்குத் தெரியாது. காலைத் தேய்த்து நடக்கும் எண்பது வயதுக்காரர் தடுக்கி விழுவார். ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ புழங்கும் வீட்டில் இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கான்கிரீட் தளம் போட்டு, தேர்ந்த கொத்தனார் கையால் கல் பதிக்க வேண்டும்.

அழகைப் பற்றி. ஜப்பானியத் தேநீர்த் தோட்டங்களின் நடைகற்களைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ நடப்பதற்கு ஆறு பங்கு, பார்ப்பதற்கு நாலு பங்கு என்று வைத்தாராம். அவருடைய சீடர் ஃபுருதா ஒரிபே அதைத் திருப்பிப் போட்டாராம். நான் ரிக்யூ கட்சி. கடப்பாக்கல்லின் கருமை மழையில் நனைந்தால் மனதைப் பிடித்து இழுக்கும், ஆனால் சித்திரை வெயிலில் அதே கருமை காலைச் சுடும். கொல்லைக்கு நாம் செருப்புப் போட்டுக்கொண்டா போகிறோம்? கோடையில் கோயில் பிராகாரங்களில் தேங்காய்நார்ப் பாய் விரித்திருப்பார்கள், வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். கல் சுடும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சைச் சாறும் கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பட்ட இடம் வெளிறிவிடும். மெருகேற்றிய பக்கத்தை மேலே வைத்தால் கார்த்திகைப் பாசியில் வழுக்கும். சொரசொரப்பான பக்கமே மேலே இருக்க வேண்டும்.

உள்ளூர்க் கருங்கல் ஆசிட் விஷயத்தில் நன்று. பல்லாவரத்துக் கல்லுக்கு ஒரு கதையே உண்டு. கொல்கத்தாவில் 1690களில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் அங்கிருந்து போனது. 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்வகைக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். முந்நூறு வருடத்துக்கு மேலாக நிற்கும் கல். ஆனால் அதை வீட்டில் அறுக்கவோ பிளக்கவோ பழகாதவரால் ஆகாது.

அறுப்பது என்றதும் மூன்றாவது காரணம் வந்துவிடுகிறது. ‘இயற்கைக் கல்’ என்ற சொல்லில் குவாரி மறைந்துவிடுகிறது. நம் கடப்பாக்கல் ஆந்திராவில் எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு பக்கத்துப் பள்ளங்களிலிருந்து வருகிறது. ராஜஸ்தான் மணற்கல் கப்பலேறி இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் போகிறது. அதை வெட்டுகிறவர்களின் நுரையீரலில் படியும் சிலிக்கா தூசிக்கு மருந்தில்லை. நோயுற்றவர்களுக்கு நிவாரணம் தர அந்த மாநில அரசு 2019இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வீட்டில் ஒரு மூலையை வெட்ட கிரைண்டரை எடுக்கும்போதும் அதே வகைத் தூசிதான் பறக்கிறது. நீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும், மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கல்லை வாங்கிப் போடுவது எனக்கு இன்னும் உவப்பானது. புதிதாக ஒரு பள்ளம் வேண்டியதில்லை.

கிணற்றடி தாண்டிக் கருவேப்பிலைச் செடி வரைக்கும் இடைவெளி விட்டு ஏழு சிறிய கல் போட்டிருந்தேன், நடுவுக்கு நடு இரண்டு அடி. என் காலடிக்கு அளந்தது. முதல் மழையன்று அம்மா மூன்றாவது கல்லில் நின்றுவிட்டார். அடுத்த கல்லுக்குக் கால் எட்டவில்லை. மறுநாள் காலை அவரை வெறும் மண்ணில் நடக்கச் சொல்லி, அவர் பாதம் பட்ட இடத்திலெல்லாம் குச்சி நட்டோம். ஏழு கல்லையும் கிளப்பி அந்தக் குச்சிகளுக்கு நேராக வைத்தோம். ஒன்றரை அடிக்கு ஒன்றாக வந்தது. இன்னும் இரண்டு கல் வாங்க வேண்டியிருந்தது.