மண்டையோட்டளவையும் கருத்துநிலையும்

மனிதத் தலையை அளத்தல் நடுநிலையான செயலா என்னும் வினாவைப் பரந்த வாசகரிடையே எழுப்பியது, மனிதனைப் பிழையாக அளத்தல் பற்றி ஸ்ரீபன் ஜே கூல்ட் 1981 இல் வெளியிட்ட ஆங்கில நூலாகும். பிலடெல்பிய மருத்துவர் சாமுவேல் மோர்ட்டன், ஓடுகளுள் முதலில் விதைகளையும் பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பிக் கொள்ளளவு கண்டு, இனங்களைத் தரப்படுத்தியவர். தம்மையறியாமலே அவர் அளவுகளைத் திரித்தார் என்பது கூல்டின் வாதம். ஆயின் 2011 இல் அவ்வோடுகளுட் பலவற்றை மீள அளந்தோர், மோர்ட்டனின் அளவுகள் பெரும்பாலும் சரியானவையே என்றனர். இதனால் கூல்டின் விமர்சனமே வீழ்ந்துவிட்டது எனக் கருதுதல் பொருந்துமா?

பொருந்தாது என்பதே எமது கருத்து. கூல்டின் குறைபாடு, கருத்துநிலையை அளப்பவரின் கைத்தவறில் தேடியமையாகும். 1836 இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் பிரெடரிக் ரீடெமன் தினையை நிரப்பி அளந்தார். இனங்களின் அளவுகள் ஒன்றன்மேலொன்று கவிவதைக் கண்டு, அடிமைமுறைக்கு எதிராக வாதிட்டார். சராசரிகளை நோக்கிய மோர்ட்டனோ ஏற்றத்தாழ்வைக் கண்டார். வேறுபாடு அளவையில் அன்று, அளவுகளிடம் கேட்கப்பட்ட வினாவிலேயே தங்கியிருந்தது.

இன்றைய முப்பரிமாண முறையை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். நுதலென்பும் மூக்கென்புகளும் பொருந்துமிடம் போன்ற குறிப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆள்கூறுகள் பெறப்படுகின்றன. பின்னர் இடம், திசை, பருமன் ஆகியன நீக்கப்பட்டு, எஞ்சும் வடிவம் ஒப்பிடப்படுகின்றது. இடுக்கிமானி தரும் தனித்தனி நீளங்கள் இழந்துவிடும் வடிவத்தை இம்முறை பேணுகின்றது. சத்திரசிகிச்சைக்கும் கூர்ப்பாய்வுக்கும் இதன் பயன் மறுக்கவியலாதது.

எனினும் எப்புள்ளிகள், எவருடைய ஓடுகள், எப்பெயரிட்ட குழுக்கள் என்பன கணிப்புக்கு முன்னரே தீர்மானிக்கப்படுகின்றன. ஓர் ஓட்டினை முன்தரப்பட்ட குழுக்களுள் ஒன்றிற் சேர்க்கும் கணித முறைக்கு, அவற்றுள் எதனையுஞ் சாராத ஓட்டினைக் கொடுத்தாலும், தனிச் சோதனை இல்லாதவிடத்து அது ஏதோவொரு குழுவின் பெயரையே விடையாகத் தரும். குழு என்பது ஆய்வின் முடிவன்று, அதன் முற்கோள்.

ஓடுகளுக்கும் ஒரு வர்க்க வரலாறு உண்டு. மோர்ட்டனின் சேகரிப்பில் கியூபாவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கரின் ஓடுகள் பல உள்ளன. அதனைப் பொறுப்பேற்றிருந்த பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் 2021 இல் மன்னிப்புக் கோரியது. இறந்தபின்னரும் தம் உடலைக் காத்துக்கொள்ளும் அதிகாரம் அற்றவர்களே அறிவியலின் மூலப்பொருளாயினர்.

துல்லியம் வேண்டாமென்பது எமது நிலைப்பாடன்று. பிழையான அளவைக் களையத் துல்லியம் போதும். பிழையான வினாவைக் களைய, அவ்வினாவைத் தோற்றுவித்த சமூக உறவுகளையும் ஆராய்தல் வேண்டும்.