மகுடம் யாருக்கு?

கல்கி 1950 முதல் 1954 வரை தம் இதழில் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையுடைய பெரும் புதினம். மணிரத்னம் அதனை 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாக்கினார். மணிமேகலை என்னும் பாத்திரத்தைப் படம் நீக்கியதைச் சுருக்கம் கருதி நாம் ஏற்கலாம். முடிவில் செய்த மாற்றமோ அத்தகையதன்று.

நாவலில் அருள்மொழிவர்மன் முடிசூட்டுவது சேந்தன் அமுதனுக்கு. ஊமைத் தாயால் வளர்க்கப்பட்டு, பூத்தொடுத்துக் கோயிலுக்கு அளித்துவந்த அவனே கண்டராதித்தரின் மெய்யான மகன், அரியணையை விரும்பாதவன். படத்திலோ, அரசுரிமை வேண்டிச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே மகுடம் செல்கிறது.

சிறிய தந்தை நாட்டை விரும்பியமையால் அருள்மொழி அரசை ஏற்கவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். ஆகவே, வரலாற்றுக்கு அண்மையில் நிற்பது படமே. பூக்குடலை ஏந்திய மன்னன் கல்கியின் கற்பனை. எனினும், விரும்பிக் கேட்டவனுக்கு விட்டுக்கொடுப்பது பூசலைத் தவிர்க்கும் அரசியல். கேளாதவனைத் தேடிச் சூட்டுவதே தியாகம். இறுதிப் பாகத்திற்குத் ‘தியாக சிகரம்’ எனப் பெயரிட்டதன் பொருள் அங்கேதான் விளங்குகிறது.

அணுசக்தி நகரில் வளரும் நம் பிள்ளைகள் பலர், தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்குமுன்பே படத்தைக் கண்டுவிட்டனர். அதில் ஓரமாய் வந்துபோகும் சேந்தன் அமுதனை அவர்களுக்கு முழுமையாகக் காட்டும் கடமை நம்முடையது. மாலைதோறும் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டுவோமாக!