தரையில் வைத்த தாள்

ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1928 வாக்கில் நடந்தது இது. முதல் நாள் வகுப்புக்கு வந்த ஆசிரியர் யோசெஃப் ஆல்பெர்ஸ் மாணவர்களுக்குச் செய்தித்தாள்களைக் கொடுத்தார். இதை இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றாக ஆக்குங்கள், கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் முடிந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்து வந்து, செய்ததையெல்லாம் தரையில் வைக்கச் சொன்னார்.

கோட்டை, விமானம், முகமூடி, விலங்கு என்று கைவேலை குவிந்து கிடந்தது. மழலைப்பள்ளிச் சமாச்சாரம் என்றார் ஆல்பெர்ஸ். இவற்றில் பலவும் வேறு பொருளில் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார். பிறகு ஒரு தாளைக் காட்டினார். ஹங்கேரிய இளைஞர் ஒருவர் அதை நீளவாக்கில் மடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைக்கும் மடக்குத் தட்டியைப் போல நிறுத்தியிருந்தார். அவ்வளவுதான்.

அன்று வகுப்பிலிருந்த ஹன்னெஸ் பெக்மன் பின்னாளில் எழுதிவைத்த நினைவு இது. நான் ரசிப்பது, ஆல்பெர்ஸ் அடுத்துச் சொன்னதை. 'பிரமாதம்' என்று தட்டிக்கொடுத்து அவர் நகர்ந்துவிடவில்லை. துவண்டு விழும் தாள் ஒரு மடிப்பால் விறைத்து, தன் மிக மெல்லிய பாகமான விளிம்பின்மேல் நிற்கிறது. கிடந்தால் ஒரு பக்கம்தான் தெரியும், நின்றதால் இரண்டும் தெரிகின்றன என்று விளக்கினார். பாராட்டும் கண்டிப்பும் ஒரே பேச்சில் வந்துவிட்டன. இரண்டும் தாளைப் பற்றியவை.

'மழலைப்பள்ளி' சுருக்கென்று தைத்திருக்கும். அந்தச் சொல் இல்லாமலே பாடம் நடந்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் விமானம் மடித்தவருக்கு மறுநாள் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். நம் ஊர் ஓவிய வகுப்புகள் பலவற்றில் வாத்தியார் பென்சிலை வாங்கி மூக்கைத் தானே திருத்திக் கொடுத்துவிடுகிறார். படம் தேறிவிடுகிறது, பையன் தேறுவதில்லை.

ஆல்பெர்ஸ் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்து, 1920-இல் தம் 32-ஆம் வயதில் பௌஹவுஸுக்கு மாணவராக வந்தவர். மூன்று வருஷத்தில் அங்கேயே பாடம் நடத்தத் தொடங்கினார். அவர் வகுப்பில் எல்லோரும் கூடி ஒப்பிட்டுப் பேசுவார்கள், செய்தவர் காரணம் சொல்ல வேண்டும். பொருள் வீணானதா, பட்ட பாட்டுக்குப் பலன் உண்டா என்பவை முன்பே தெரிந்த கேள்விகள். தரையில் வைப்பதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கையில் இருக்கும்வரை அது 'என்னுடையது'. கீழே வைத்ததும், செய்தவரும் மற்றவர்களோடு சேர்ந்து குனிந்து பார்க்கிறார்.

நாஜிகளின் நெருக்கடியில் 1933-இல் பள்ளி மூடப்பட்டது. ஆல்பெர்ஸ் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார், ஆங்கிலம் அநேகமாகத் தெரியாமலே. அங்கே அவரிடம் படித்த ராபர்ட் ரவுஷென்பெர்க்கை அவருடைய விமர்சனம் வாட்டி எடுத்தது. பின்னாளில் குருவின் ஒழுங்குக்கு நேரெதிராகப் போய்ப் பெயரெடுத்த ஓவியர் அவர். ஆனாலும் தனக்கு வாய்த்த மிக முக்கியமான ஆசிரியர் ஆல்பெர்ஸ்தான் என்றே சொல்லிவந்தார்.