22 மைலுக்கு அப்பால் இருக்கும் நம்பிக்கை

ஷெர்மன் அலெக்ஸியின் 'தி அப்ஸல்யூட்லி ட்ரூ டைரி ஆஃப் எ பார்ட்-டைம் இந்தியன்' (2007) நாவலைப் படித்த யாருக்கும் அந்த ஜியோமெட்ரி புத்தகம் மறக்காது. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் ரிசர்வேஷனுக்குள் இருக்கிற ஊர் வெல்பினிட். (ரிசர்வேஷன் என்றதும் நமக்கு இட ஒதுக்கீடு ஞாபகம் வரும். அங்கே அது பூர்வகுடிகளுக்கு என்று விடப்பட்ட நிலம். இந்தியன் என்பதும் அவர்களைத்தான்.) உயர்நிலைப் பள்ளியின் முதல் நாளில் ஜூனியர் தன் புத்தகத்தைத் திறக்கிறான். உள்ளே அவன் அம்மாவின் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர். அம்மா படித்த அதே பிரதி. ஆத்திரத்தில் விட்டெறிகிறான், அது ஆசிரியர் முகத்தில் போய் விழுகிறது.

அடிபட்ட ஆசிரியர் பிறகு அவனைத் தேடி வந்து, இந்த இடத்தை விட்டுப் போய்விடு என்கிறார். 22 மைல் தள்ளி, வெள்ளையர் ஊரான ரியர்டனில் சேர்கிறான். அடிபடுகிறான், நண்பர்களைச் சம்பாதிக்கிறான், கூடைப்பந்தில் ஜெயிக்கிறான். நேஷனல் புக் அவார்ட் வாங்கிய இந்த நாவலை 'தன்னம்பிக்கைக் கதை' என்று கொண்டாடுவது சுலபம். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

ஒரு சின்ன விவரம்: வெல்பினிட், ரியர்டன் இரண்டுமே அரசுப் பள்ளிகள்தான். ஒரே மாநிலம், அடுத்தடுத்த பள்ளி மாவட்டங்கள். ஒன்றில் தலைமுறை தாண்டிய புத்தகம், இன்னொன்றில் எதிர்காலம். அப்படியானால் கேள்வி 'பையனுக்குத் துணிச்சல் இருக்கிறதா' என்பது இல்லை. நம்பிக்கை ஏன் 22 மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பதுதான். பிழையைத் திருத்தாமல் சுற்றுவழி சொல்லித் தருவதை மென்பொருள்காரர்கள் 'வொர்க்கரவுண்ட்' என்பார்கள். ஜூனியர் ரியர்டன் போனது ஒரு வொர்க்கரவுண்ட். பிழை வெல்பினிட்டில் அப்படியே கிடக்கிறது.

சரி, ரியர்டன் அவனுக்கு என்ன செய்தது? முதல் வேலையாகப் பெயர் மாறுகிறது. ஊரில் ஜூனியர், பள்ளிப் பதிவேட்டில் அர்னால்ட். பள்ளி அணியின் சின்னமே ஓர் இந்தியன். அந்த ஊரில் அவனைத் தவிர இருக்கிற இன்னொரு இந்தியன் அந்தப் படம் மட்டும்தான். வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்து அவன் லீவு போட்டபோது, ஓர் ஆசிரியை வகுப்பில் வைத்துக் குத்திக்காட்டுகிறார். அவனுக்காகப் புத்தகங்களைத் தரையில் போட்டுவிட்டு வெளிநடப்பு செய்பவர்கள் சக மாணவர்கள். ஒரு நல்ல கோச், ஒரு கோர்டி, ஒரு பெனலோப்பி: ஆதரவு முழுக்கத் தனிமனிதர்களிடமிருந்து வருகிறது. பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டது, அவன் எங்கிருந்து வந்தானோ அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 'பார்ட்-டைம்' என்ற சொல்லின் வலி அதுதான்.

நல்லவேளையாக, கதைச்சுருக்கத்தைவிட நாவல் புத்திசாலி. ரியர்டன் அணி வெல்பினிட்டைத் தோற்கடிக்கும் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். கொண்டாட்டத்தின் நடுவே அர்னால்ட் எதிரணியைப் பார்க்கிறான். அங்கே நிற்பவர்களில் சிலர் காலைச் சாப்பாடு இல்லாமல் விளையாட வந்தவர்கள். அந்த வெற்றி அவனுக்குள் அவமானமாக மாறுகிறது.

அந்த ஆசிரியரின் ஒப்புதலும் அப்படித்தான். இந்தியப் பிள்ளைகளின் பாட்டு, கதை, மொழி எல்லாவற்றையும் அவர்களிடமிருந்து பிடுங்கத்தான் தங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்கிறார். 1879-இல் கார்லைல் உறைவிடப் பள்ளியோடு வேகம் எடுத்த கொள்கை அது. முடி வெட்டி, பெயர் மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்த கல்வி. அந்தச் சரித்திரம் தெரிந்தால், வருகைப் பதிவேட்டில் 'அர்னால்ட்' என்று கேட்கும்போது சிரிப்பு வராது.

நாவல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 2005-இல், பள்ளிகளில் பூர்வகுடி வரலாற்றைக் கற்பிக்க வாஷிங்டன் மாநிலம் ஊக்கம் தரும் ஒரு சட்டம் போட்டது. ஊக்கம்தான், கட்டாயம் இல்லை. 2015-இல்தான் கட்டாயமானது. பக்கத்திலிருக்கும் பூர்வகுடியினரின் வரலாறு, பண்பாடு, அரசாட்சி முறை பற்றி ஒவ்வொரு மாவட்டமும் சொல்லித்தர வேண்டும். பூர்வகுடி அடையாளங்களைப் பள்ளிச் சின்னமாக வைப்பதற்கு 2021-இல் தடைச் சட்டம் வந்தது, சில விலக்குகளோடு. இந்தச் சட்டங்கள் அர்னால்டுக்கு மட்டுமானவை இல்லை. அவன் பக்கத்தில் உட்காரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

2018-இல் அலெக்ஸி மீது பல பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார்கள் சொன்னார்கள். அமெரிக்கன் இந்தியன் லைப்ரரி அசோசியேஷன் இந்த நாவலுக்குத் தந்த விருதைத் திரும்பப் பெற்றது. ஒரு வகுப்பறை, பூர்வகுடி என்றாலே இந்த ஒரே புத்தகம் என்று இருந்திருந்தால், அன்று அதன் கையில் என்ன மிச்சம்? ஒரு மாணவனைப் போலவே ஒரு புத்தகமும் மொத்தச் சமூகத்தையும் தூக்கிச் சுமக்க முடியாது.

எனக்கு இந்த நாவலின் மையம் அர்னால்ட் இல்லை, அவன் அக்கா மேரி. அந்த ஆசிரியரே சொல்கிறார்: அவள் இவனைவிடக் கெட்டிக்காரி, எழுத்தாளராக ஆசைப்பட்டவள். வெல்பினிட்டில் படித்து முடித்துவிட்டு, வீட்டின் அடித்தள அறையில் வருடக்கணக்காக அடைந்து கிடக்கிறாள். அவளிடம் யாரும் வந்து போய்விடு என்று சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே எழுத அவளுக்கு யாரும் வழி செய்யவும் இல்லை. தப்பித்துப் போன தம்பியைக் காட்டிப் பள்ளிகள் பெருமைப்படலாம். ஆனால் பூர்வகுடி மாணவர்களுக்கு ஒரு பள்ளி மாவட்டம் என்ன செய்தது என்று அளக்க வேண்டுமென்றால், மேரியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.