பட்டு நாடாவின் பக்கம்

கான்டாக்ஸ் II கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் லென்ஸைத்தான் புகழ்வார்கள். பெர்ட்டெலெ வடிவமைத்த ‘சொன்னார்’ லென்ஸுக்கு அந்தப் புகழ் தகும். என் கண் மட்டும் பின்மூடியைக் கழற்றி, ஷட்டரின் இரு ஓரங்களிலும் ஓடும் நாடாக்களைத்தான் தேடும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டு. அந்தக் கேமராவில் இதைவிட அழகான பாகம் இல்லை என்பது என் கட்சி.

கடை ஷட்டரைப் போல, பித்தளைத் தகடுகளைக் கோத்துச் சுருளவிட்ட இரண்டு திரைகள். லைக்காவின் துணி 36 மில்லிமீட்டரைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தபோது, இவை மேலிருந்து கீழே 24 மில்லிமீட்டர் ஓடினால் போதும். 1936இல் டிரெஸ்டனின் ஜெய்ஸ் இக்கான் துணிச்சலாக 1/1250 என்று பொறித்தது அந்த பலத்தில்தான். இரண்டு திரைகளுக்கும் நடுவே பிளவைக் கட்டிக்காத்தபடி கூடவே ஓடுவது நாடா. உராய்வும் இழுவையும் அதன் தலையில்தான். எனவே அதுதான் முதலில் அறும்.

துணித் திரை ரசிகர்கள் இங்கேதான் சிரிப்பார்கள். சத்தமில்லாத ஓட்டம், எளிய அமைப்பு, பழுதானால் புதுத் துணி வெட்டி ஒட்டிவிடலாம் என்பார்கள். 1948இல் நிக்கான்கூட கான்டாக்ஸின் உருவத்தை எடுத்துக்கொண்டு, ஷட்டருக்கு லைக்கா வழியில் போகவில்லையா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதே நிக்கான் 1959இல் எஃப் மாடலைக் கொண்டுவந்தபோது துணியை விட்டு டைட்டானியத்துக்குப் போனது. லென்ஸ் வழியே வெயில் விழுந்து ஓட்டையான துணித் திரைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. துணி கெட்டால் திரையே போயிற்று. கான்டாக்ஸிலோ நாடா அறுந்தால் நாடா மட்டும்தான் போகிறது. பித்தளை அப்படியே இருக்கிறது. தேய்மானத்தையெல்லாம் மலிவான ஒரு பாகத்தில் சேர்த்து வைத்த அமைப்பு இது.

அந்த மலிவான பாகத்தை மாற்றும் வேலை மட்டும் மலிவானதல்ல. நாடா கொஞ்சம் தடித்தால், உருளையில் சுற்றச் சுற்றச் சுற்றளவு கூடி ஓட்டம் மாறும், வழியிலும் சிக்கும். இடதும் வலதும் நூலிழை வித்தியாசப்பட்டால் திரை சாய்ந்து இறங்கும். பிளவு ஒரு பக்கம் அகலும். பசை இங்கே உதவாது. ஊசியும் நூலும் எடுத்து, மடிப்பு தடிக்காமல் தைக்க வேண்டும். தைத்தபின் ஸ்பிரிங்கை முறுக்கும்போது, ஓடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்தத் தெரிந்த கைதான் நல்ல கை. மந்தமான ஷட்டரை முறுக்கி முறுக்கி ஓடவைக்கிறவர், அழுக்கை எடுக்கச் சோம்பல்படுகிறவர்.

சோதிக்க அந்நாளில் பழைய குழாய் டிவி இருந்தது. கான்டாக்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து டிவித் திரையைப் படமெடுத்தால் சாய்வான ஒளிப்பட்டை விழும். பட்டை நேராக இருந்தால் திரைகள் சீராக ஓடுகின்றன. வளைந்தால் நடுவழியில் வேகம் மாறுகிறது. அகலம் மாறினால் இரண்டு திரைகளும் ஒத்துப்போகவில்லை. ஷட்டரின் குணம் முழுவதும் ஒரே படத்தில் தெரிந்துவிடும். இப்போது கைபேசியில் சத்தத்தைப் பதிந்து, 1/500 என்பது 1/430 ஆக வருகிறதே என்று அங்கலாய்க்கிறார்கள். நெகட்டிவ் ஃபிலிம் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. வானம் ஒரு அளவிலும் தரை இன்னொரு அளவிலும் பதிந்தால்தான் கவலை. அதை அந்த எண் சொல்லாது.

கைபழக விரும்புகிறவர்களுக்கு கீவ் இருக்கிறது. போருக்குப் பின் சோவியத்துக்குப் போன அதே கான்டாக்ஸ் வழி, 1947இலிருந்து வந்தது. அவசரத்தில் பூட்டிய பிற்காலத்துக் கீவ்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதிலெல்லாம் சேர விருப்பமில்லை. உள்ளே ஓடுவது அதே நாடாதானே.

என் மனத்தாங்கல் வேறு. ‘சர்வீஸ் செய்தது’ என்று விற்பனைக்கு வரும் கான்டாக்ஸ்களைத் திறந்தால், தகடுகளின் மேல் எண்ணெய் வழிகிறது. எண்ணெய் தூசியை இழுக்கும். தூசி தகட்டைத் தின்னும். அதைவிடப் பெரிய கேடு, இனி அறுந்துவிடவே கூடாது என்று முரட்டு நைலான் பட்டையை மாட்டுவது. திரை சிக்கும் நாளில் மெல்லிய நாடா தான் அறுந்து மற்றதைக் காக்கும். முரட்டுப் பட்டை விட்டுக்கொடுக்காது. தகடு வளையும், பல்சக்கரம் உடையும். அவற்றைப் புதிதாகச் செய்துதர இன்று யார் இருக்கிறார்கள்? பட்டு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். ஊசி பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் அதைத் தைத்துவிடுவார்.