சால்ட்டயரின் வரிசை வீடுகள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு நகருக்கு அருகே அயர் ஆற்றங்கரையில் உள்ள சால்ட்டயர், அல்பாகா என்னும் விலங்கின் உரோமத்தை நூற்று நெய்து பெருஞ்செல்வரான டைட்டஸ் சால்ட் தம் ஆலைத் தொழிலாளர்க்கென எழுப்பிய ஊராகும். 1853-இல் ஆலை திறக்கப்பட்டது. அதையடுத்த இருபது ஆண்டுகளில், லாக்வுட், மாசன் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் வரைபடப்படி 800-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

பக்கச்சுவர்களைப் பொதுவாகக் கொண்டு தெரு நெடுகத் தொடரும் இவ்வகைக் கட்டுமானமே வரிசை வீடு எனப்படும். அக்காலத் தொழில் நகரங்களில் பெருகியிருந்த முதுகொட்டு வீடுகளில், பின்சுவரும் அண்டை வீட்டுக்குரியதாக இருந்ததால் காற்றும் வெளிச்சமும் முன்பக்கமாக மட்டுமே வர முடிந்தது. சால்ட்டயரிலோ ஒவ்வொரு வீட்டுக்கும் பின்வாசலும், சிறு கொல்லையும், அதில் தனிக் கழிப்பிடமும் வாய்த்தன.

இவ்வீடுகளைச் சலிப்பூட்டும் ஒரேமாதிரிகள் என்று ஒதுக்குவோர் ஒரு வரிசையையேனும் முனை முதல் முனை வரை பார்த்தவராக இருக்க முடியாது. முகம் கரடாகக் கொத்தப்பட்ட மணற்கற்களுக்கிடையே வாசல், சன்னல் விளிம்புகளில் மட்டும் வழவழப்பாக இழைத்த கல் பதிக்கப்பட்டிருப்பதால், சாய்வெயில் படும்போது சுவர் சொரசொரப்பாகவும் திறப்புகள் கூர்மையாகவும் துலங்குகின்றன. சில வரிசைகளில் இத்தாலியப் பாணியை நினைவூட்டும் அரைவட்ட வளைவுகளும் உண்டு. வாசல், சன்னல், வாசல் என்று தாளம்போல் நகரும் பார்வை முனைக்கு வரும்போது, அங்கே உயர்ந்து நிற்கும் பெரிய வீடு அதனை நிறுத்தி முடித்துவைக்கிறது. அரண்மனை முகப்பின் இரு கோடிகளிலும் மண்டபம் எழுப்பும் பழைய உத்தியே இது; ஆனால் அத்தகைய பெரிய வீடுகளில் குடியமர்த்தப்பட்டவர்கள் ஆலையின் மேற்பார்வையாளர்கள். ஆலைக்குள் நிலவிய பதவி ஏற்றத்தாழ்வு வெளியே தெருவின் அழகுக்கு இலக்கணமாகியிருப்பதை, ரசித்தபடியே சற்று உறுத்தலோடும் காண வேண்டியுள்ளது.

தெருப் பெயர்களிலும் அதே கை தெரிகிறது. சால்ட்டின் மனைவி கேரோலைன், பிள்ளைகள், ஏன், அவ்விரு கட்டடக் கலைஞர்கள் பெயரில்கூடத் தெருக்கள் உள்ளன; கல்லைக் கொத்திச் சுவரெழுப்பியவர்களின் பெயரில் ஒன்றும் இல்லை.